நீந்தத் தெரிந்தவர்களைத் தேடும் வேலை

எங்கள் தொழிலில் சரக்கைக் கொடுக்கிறவரும் முகத்தைப் பார்ப்பதில்லை, வாங்குகிற நானும் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

தர்மபுரியில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கணவன்மார் கொடுக்கும் விந்தணுக்களில் ஆரோக்கியமானவற்றைப் பொறுக்கியெடுப்பது என் பொறுப்பு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு துளிக்குள் பெரிய ஊரே இருக்கும். சிலது நேராகப் பாயும். சிலது ஒரே இடத்தில் வட்டமடிக்கும். சிலது தலை பெருத்தோ வால் சுருண்டோ சும்மா கிடக்கும். மேலே தெளிந்த திரவம் ஒன்றை ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால், வலுவுள்ளவை தாமாகவே அதற்குள் நீந்தி வந்துவிடும். அவற்றை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்றால் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் கருமுட்டைக்குள் வைப்போம். சொல்லும்போது இரண்டு வரிதான். செய்யும்போது மூச்சு விடக்கூட யோசிக்க வேண்டும்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறவள் ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூலநோய் டாக்டரின் கம்பவுண்டர், பிணவறை ஊழியர், கழிவுத்தொட்டி லாரி ஓட்டுகிறவர் என்று நம் கூட்டம் பெரியது. உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம் உங்களுக்கும் கட்டாயம் இருக்கும்.

பந்தியில் மாட்டிக்கொண்டது

கடத்தூரில் சித்தி மகள் கல்யாணம். நான் ரத்த டெஸ்ட் எடுக்கிற வேலையில் இருப்பதாக அம்மா பல வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை பெரியப்பாவுடையது. கடத்தூர் கடைவீதியில் அவர் விதைக்கடை வைத்திருக்கிறார். சர்க்கரை டெஸ்ட்டுக்கு உன்னிடமே வந்துவிடட்டுமா, வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்டார். எதிர் வரிசையிலிருந்து அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போயிருந்தது. இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

பெரியப்பா பிசைவதை நிறுத்தினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நல்லது எது, சொத்தை எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று பெரியப்பா கேட்டார். எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றையும் பார்ப்போம் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தானும் நிலக்கடலை விதையில் நூறு எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகுதான் மூட்டையை விற்பதாகச் சொன்னார். பிறகு மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "அப்ப நீயும் நானும் ஒரே யாவாரந்தான் கண்ணு. எனக்கு மொளைக்கலன்னா மூட்டையத் திருப்பிக் கொண்டாந்து கடையில போட்டுடறானுங்க, உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல."

பொம்மிடியிலிருந்து ஒரு டப்பா

மாதிரி கொடுக்க எங்கள் மையத்தில் தனி அறை இருக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே ஆள் நடமாட்டம் கேட்கும். யாராவது இருமுவார்கள். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிடுவார். பொம்மிடியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இது சரிப்படவே இல்லை. இரண்டு முறை உள்ளே போய், அரை மணி நேரம் கழித்துக் காலி டப்பாவோடு வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். பரவாயில்லை, வீட்டிலேயே எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், ஆறிவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் சொன்ன நேரத்துக்கு வந்தார். பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தார். அதற்குள் ஆவி பறக்கும் வெந்நீர், வெந்நீருக்குள் டப்பா. அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி இருந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? சூடு கூடவே கூடாது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அதையும் அவர் சொன்னபடியே கேட்டார். அடுத்த முறை மீன் கொண்டுவருகிற தெர்மாகோல் பெட்டியில், நாலு பக்கமும் ஐஸ் வைத்து வந்தது. மைக்ராஸ்கோப்பில் எல்லாம் விறைத்துக் கிடந்தன.

மூன்றாவது முறை அவர் மனைவியும் பைக்கில் கூடவே வந்தார். டப்பாவைத் துணியில் சுற்றி இடுப்பில் சேலைக்குள் செருகி, வழியெல்லாம் கையால் அணைத்துப் பிடித்தபடி வந்திருக்கிறார். கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். சந்தை நாள் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. வெளியே வந்து நன்றாக இருக்கிறது என்றதும் கணவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். மனைவி என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவ நாந்தான் எடுத்தாந்தேன் மேடம். இவர நம்பியிருந்தா வெயில்ல காய வச்சுக் கொண்டாந்திருப்பாரு."

பூ இல்லாத கூந்தல்

எங்கள் ஆய்வகத்துக்குள் வாசனை எதுவும் போகக் கூடாது. கருவுக்கு ஆகாது. சென்ட், பவுடர், மணக்கிற தேங்காய் எண்ணெய், மல்லிகை எதுவும் கிடையாது. இதனால் எனக்குக் கிடைத்த பெயர் என்னவென்றால், வெள்ளிக்கிழமையிலும் தலையில் ஒரு முழம் பூ வைக்காதவள். கல்யாணமான புதிதில், எங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று பக்கத்து வீட்டு அம்மா என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

என்னோடு வேலை செய்யும் செல்விக்குப் பூ என்றால் உயிர். ஒரு ஆடி வெள்ளி. பஸ்ஸில் யாரோ கொடுத்த மல்லிகைச் சரத்தை மறுக்க மனசில்லாமல் வாங்கி, வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். சாயங்காலம் போய்க் கேட்டால், வாடிப்போகுமே என்று காவலர் அதை வரவேற்பறைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டிருந்தார். செல்வி படத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கொழந்த வேணும்னு வர்றவங்க தல நெறையப் பூ வச்சுக்கிட்டு வர்றாங்க, கொழந்த குடுக்கற சாமிக்கும் பூ இருக்குது, நடுவுல வேல பாக்கற நமக்குத்தாங்க்கா ஒன்னுமில்ல."

பரோட்டா மாஸ்டர்

பாலக்கோடு பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறவர் வந்தார். முப்பத்திரண்டு வயசு, நல்ல திடகாத்திரம், புகை கிடையாது, குடி கிடையாது. ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு, இருப்பவையும் சோம்பிக் கிடந்தன. டாக்டர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தினமும் பத்து மணி நேரம், கொதிக்கிற பரோட்டாக் கல்லுக்கு ஒட்டினாற்போல் இடுப்பை வைத்து நிற்கிறார். விந்தணு உருவாகிற இடம் உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால்தான் இயற்கை அதை வெளியே தொங்கவிட்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டையே இவர் கல்லடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்து பாருங்கள் என்றார் டாக்டர்.

மாஸ்டருக்கு அது வேலையை விடு என்று சொன்னது போல் கேட்டது. முகம் வாடிப்போயிற்று. வேறு தொழில் தெரியாது என்றார். ஆனால் அவருடைய முதலாளி நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அன்றைக்கே மாஸ்டரை ஜூஸ் கடைப் பக்கம் மாற்றிவிட்டார். மூன்று மாதம் எலுமிச்சையும் சாத்துக்குடியும் பிழிந்துவிட்டு மாஸ்டர் திரும்பி வந்தார். என் கண்ணை நானே நம்பாமல் மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். ஊசியே தேவைப்படாத அளவுக்குத் தேறியிருந்தது. ஆறு மாதத்தில் மனைவிக்கு இயற்கையாகவே கரு தங்கிவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல ஸ்வீட் டப்பாவோடு முதலாளியும் கூடவே வந்திருந்தார். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மாஸ்டர் ஜூஸ் பக்கம் போனதுலேர்ந்து கல்லுல நாந்தாங்க நிக்கறேன். எனக்கும் சேத்து ஒரு டெஸ்ட் எழுதி வச்சுடுங்க."

இரண்டு சக்திவேல்

எங்களுக்குத் தூக்கத்தில் வருகிற கெட்ட கனவு ஒன்றே ஒன்றுதான்: டப்பா மாறிப்போவது. அதனால் ஒவ்வொரு டப்பாவையும் கையில் எடுக்கும்போது கணவன் பெயர், மனைவி பெயர், பிறந்த தேதி மூன்றையும் நான் உரக்கப் படிப்பேன். செல்வி நோட்டைப் பார்த்துச் சரி என்பாள். இந்தப் பழக்கம் முற்றிப்போய், ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என் சொந்த மகளிடமே பிறந்த தேதி கேட்டிருக்கிறேன்.

ஒரே நாளில் இரண்டு சக்திவேல் வந்தார்கள். இரண்டு மனைவிகளுக்கும் பிரியா என்றே பெயர். ஒருவர் அரூர், இன்னொருவர் காரிமங்கலம். ஒருவரைக் காலையிலும் மற்றவரைச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொள்வது, முதலாமவர் வேலை முழுக்க முடிந்து மேஜையைத் துடைக்கும்வரை இரண்டாமவர் டப்பா ஆய்வகத்துக்குள்ளேயே வரக் கூடாது என்று முடிவு செய்தேன். அதைச் சொல்ல வெளியே போனால், இருவரும் ஒன்றாக டீ குடித்துவிட்டு வந்து, பல வருஷம் பழகியவர்கள் மாதிரி தோளோடு தோள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் என்று கேட்டேன். காரிமங்கலத்துச் சக்திவேல் அரூர்க்காரரை எழுப்பிவிட்டார். "நீங்க மொதல்ல போயிட்டு வாங்க. டப்பா கிப்பா மாறிப்போச்சுன்னா நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் சம்பந்தி ஆவ முடியாது."

கலர் பார்த்து எடுப்பது

அடுத்து வந்தவர் நிலபுலன் உள்ள விவசாயி. கிணறு, தென்னந்தோப்பு, டிராக்டர் எல்லாம் உண்டு. எட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. முதல் பரிசோதனையில் அவரிடம் உயிருள்ள அணு ஒன்றுகூடத் தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்கள். அது கடும் காய்ச்சல் வந்து தேறிய நேரம் என்பது பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் வந்தால் சில மாதங்களுக்கு இப்படி ஆவதுண்டு. காத்திருந்து மறுபடி பார்த்தபோது ஓரளவுக்கு இருந்தன, ஓட்டமும் இருந்தது.

சிகிச்சை நாளன்று அவர் என்னை வராந்தாவில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, எப்படியும் பார்த்துப் பார்த்துத்தானே எடுக்கிறீங்க, அதில் ஆம்பளைப் பிள்ளைக்கு உண்டானதாகப் பார்த்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அது சட்டப்படி குற்றம் என்றேன். மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், ஒன்றும் எழுதி ஒட்டியிருக்காது என்றும் சொன்னேன். அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பின்னால் நின்றிருந்த அவர் மனைவி முந்திக்கொண்டார். "கடையில துணியே இல்லன்னு அழுதுகிட்டு நின்னோம். இப்ப துணி வந்ததும் கலர் பாத்து எடுக்கச் சொல்றாரு பாருங்க மேடம்."

சித்தேரியிலிருந்து வந்தவர்கள்

அண்ணாமலையும் லட்சுமியும் சித்தேரி மலையிலிருந்து வந்தவர்கள். சாமையும் தினையும் விளைகிற கொஞ்சம் நிலம். சீசனில் கடுக்காய் பொறுக்கப் போவார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குறை லட்சுமியிடம்தான் என்று வீட்டில் முடிவு செய்து, அண்ணாமலைக்கு இரண்டாவது பெண் பார்க்கக்கூட ஆரம்பித்திருந்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை. எங்களிடம் வந்து பரிசோதித்ததில் அவருடைய மாதிரியில் விந்தணு ஒன்றுகூட இல்லை. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு மலையேறிய மனுஷர், பஸ் நிற்கிற இடத்தில் ஆட்கள் கூடியிருந்தபோது, குறை தன்னிடம்தான், இனிமேல் லட்சுமியை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். இதை லட்சுமிதான் செல்வியிடம் சொன்னார்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். அண்ணாமலைக்கு மயக்க மருந்து கொடுத்து, விதைப்பையிலிருந்தே கொஞ்சம் திசுவை எடுத்துத் தேடிப் பார்க்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் வேறு யோசிக்க வேண்டும். நாள் குறித்தோம். அன்று காலை லட்சுமியிடமிருந்து ஐந்து முட்டைகள் கிடைத்தன. அவை இன்குபேட்டரில் காத்திருந்தன. அவற்றுக்கும் நேரக் கணக்கு உண்டு. அன்றைக்குள் ஊசி போட்டாக வேண்டும்.

திசுவை நுணுக்கித் துளித்துளியாகப் பிரித்துத் தேட உட்கார்ந்தேன். முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. ரத்த அணுக்களும் சிதைந்த திசுக்களும்தான் மிதந்தன. டாக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண் எரிந்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது லட்சுமி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு சாப்பிட்டீங்களா என்று மட்டும் விசாரித்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

மத்தியானம் தாண்டி, ஆறாவது தட்டில், ஓரமாக ஒன்று கிடந்தது. அசையவில்லை. ஊசி முனையால் மெல்லத் தொட்டேன். வால் ஒரு துடிப்புத் துடித்தது. நான் செல்வியின் கையைப் பிடித்துவிட்டேன் என்று அவள் பிறகு சொன்னாள், எனக்கு ஞாபகமில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு கிடைத்தன. அவ்வளவுதான், மொத்தம் மூன்று. மூன்றையும் மூன்று முட்டைகளுக்குள் வைத்து முடித்துவிட்டு, மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த அண்ணாமலையிடம் போய், கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே மூன்றுதான் கிடைத்தன என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மூணு இருந்துச்சுங்களா? எங்களுக்கு ஒன்னு போதுமுங்க, மிச்சத்த இல்லாதவங்க யாருக்காச்சும் குடுத்துடுங்க."

யார் சாயல்

மூன்றில் இரண்டு கருவாயின. அதில் ஒன்று தங்கியது. பெண் குழந்தை. பிறந்த செய்தியை அண்ணாமலை போனில் சொன்னபோது பின்னால் அது அழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும் என்று அவர் போனைக் குழந்தையின் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

போன மாதம் மூவரும் வந்தார்கள். குழந்தைக்கு இரண்டு வயசு முடிந்துவிட்டது. எனக்கும் செல்விக்கும் ஆளுக்கொரு பை சாமை அரிசி. குழந்தை முதலில் அம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டது. பிறகு என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தது, விடவில்லை. தூக்கி வைத்துக்கொண்டேன். நல்ல கனம். மூக்கு அப்பனுடையது, கண் அம்மாவுடையது என்று செல்வி சொன்னாள். இல்லை, முழுக்கத் தன் ஜாடைதான் என்றார் அண்ணாமலை. லட்சுமி என் பக்கம் திரும்பினார். "இவங்க ரெண்டு பேரும் கெடக்கறாங்க. இவள எல்லாருக்கும் முன்னாடி பாத்தவங்க நீங்கதானே, நீங்க சொல்லுங்க மேடம், யாரு மாதிரி இருந்தா?"

நல்ல விந்தணுவைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, அதற்குரிய கணவரை ஆய்வக வாசல்வரை கூட்டிக்கொண்டு வருகிற பெரிய வேலையை எனக்கு முன்பே யாராவது ஒரு பெண் செய்து முடித்திருக்கிறாள்.